அணிவகுப்பு முறிவு: ஒரு கால்வலியின் மருத்துவ வரலாறு

ஓட்டப் பயிற்சி செய்வோரை மாதக்கணக்கில் வருத்தும் கால்வலிகளுள் ஒன்று அழுத்த முறிவு. கீழே விழாமலும் எதிலும் மோதாமலும், தாங்கக்கூடிய சுமையே ஓயாது மீண்டும் மீண்டும் விழுவதால் எலும்பில் தோன்றும் நுண்ணிய வெடிப்பை இப்பெயர் குறிக்கும். மருத்துவ உலகம் இதனை முதலில் கண்டது படைமுகாம்களில்தான். 1855இல் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுந்தொலைவு நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எலும்பை ஊடுருவிக் காணும் வழி அன்று இல்லாமையால், தசைநாண் உறைகளின் அழற்சியே காரணம் எனக் கருதினார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபின், 1897இல் ஸ்டெக்கோ அவற்றின் துணைகொண்டு அத்தகைய பாதங்களை ஆராய்ந்து, விரல்களுக்குப் பின்னுள்ள நீண்ட பாத எலும்புகள் முறிந்திருப்பதைக் காட்டினார். 'அணிவகுப்பு முறிவு' என்னும் பெயரும் வழக்கில் நிலைத்தது.

எனினும் எக்ஸ் கதிர்ப் படம் ஐயத்தை முற்றிலும் தீர்க்கவில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. பின்னர் எலும்பு தன்னைச் செப்பனிட உருவாக்கும் புதிய எலும்புத்திசுவோ சில வேளைகளில் புற்றுநோய் எனப் பிழையாகக் கொள்ளப்பட்டது. 1958இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் டெவாஸ், விளையாட்டு வீரர்கள் வெறும் கணைக்கால் நோவு என்று சொல்லிவந்த வலிக்குப் பின்னால் அழுத்த முறிவு இருப்பதை எடுத்துரைத்தார். 1970களில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனும், அதன்பின் எம்.ஆர்.ஐ. படமும் வந்தமையால், வெடிப்பு விழுமுன்பே எலும்பில் ஏற்படும் மாற்றங்களைக் காண முடிந்தது; 1995இல் ஃப்ரெடரிக்சன் குழுவினர் இம்மாற்றங்களை நான்கு படிநிலைகளாக வகுத்தனர்.

சிகிச்சையும் முறிவின் இடத்திற்கேற்ப வேறுபடலாயிற்று. நீண்ட பாத எலும்புகளின் முறிவு பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் கூடிவிடும். பாதத்தின் படகெலும்பிலோ தொடை எலும்பின் கழுத்துப் பகுதியிலோ ஏற்படும் முறிவு எளிதில் கூடாது என்பதால், ஊன்றாமல் காப்பதும் சில வேளைகளில் அறுவையும் தேவைப்படும். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, உழைப்புக்கேற்ற உணவின்மையும் எலும்பை நலிவிக்கும் என அறிவுறுத்தியது. ஆதலால் ஓட்டத்தின் அளவு திடீரெனக் கூடியதா, உணவு குறைந்ததா என்று விசாரிக்காமல் படத்தை மட்டும் பார்த்து அளிக்கப்படும் சிகிச்சை வலியைத் தணிக்குமேயன்றி, அது மீண்டும் வராமல் தடுக்காது.