ஒரே தொற்று, இருவேறு விடுமுறைகள்: இலங்கையின் பாடசாலை மூடல் விதிகளும் வாகரைப் பிள்ளைகளும் (1960–2022)

ஆய்வுச் சுருக்கம்

கொவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கையின் பாடசாலைகள் பலமுறை மூடப்பட்டுத் திறக்கப்பட்டன. அரச பாடசாலை, அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலை, சர்வதேச பாடசாலை, தனியார் வகுப்பு ஆகிய நான்கையும் அந்த ஆணைகள் ஒரே விதமாகத் தொடவில்லை. இவ்வேறுபாட்டின் வேர் 1960–61ஆம் ஆண்டுச் சட்டங்களிலும், 1977க்குப் பின் கம்பனிச் சட்டத்தின் கீழ் பாடசாலைகள் பதிவான முறையிலும் இருக்கிறது. அந்த வேர் பெருந்தொற்றுக் கால விதிகளுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பிரதேசத்தில் நின்று ஆராய்கிறது. பாடசாலையை மூடும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட அரசு, கற்பித்தலைத் தொடரும் கடமையையும் கூடவே ஏற்காததால், அரச பாடசாலையைத் தவிர வேறு வழியற்ற ஊர்களே அந்த இழப்பைச் சுமந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வாகரை, பாடசாலை மூடல், இலவசக் கல்வி, சர்வதேச பாடசாலை, கல்விச் சமத்துவம்

1. களம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கிறது வாகரை. நிர்வாகத்தில் இது கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு. மாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி ஆகிய ஊர்கள் திருகோணமலை வீதியை ஒட்டியவை. மதுரங்கேணிக்குளம் போன்ற குடியிருப்புகள் உள்ளே, காட்டோரத்தில் இருக்கின்றன. களப்பு மீன்பிடி, சேனைப் பயிர், கால்நடை, கூலிவேலை ஆகியவையே சீவனோபாயம். தம்மை வேடர் வழியினர் எனச் சொல்லும் கரையோரக் குடிகளும் இங்கு வாழ்கின்றனர். இப்பகுதியின் பாடசாலைகள் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கல்குடா கல்வி வலயத்தைச் சேர்ந்தவை.

பாடசாலை மூடப்படுவது இவ்வூர்களுக்குப் புதிதன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கட்டடங்களைப் பரவலாகச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வாகரைக் கரையை அழித்தது. 2006இல் போரினால் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் ஓடிவந்தோர் வாகரைப் பாடசாலைகளில் தங்கினர். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயம் எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பலர் உயிரிழந்தனர். 2007 சனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றியபோது ஊர்மக்கள் வாழைச்சேனைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் இருந்த முகாம்களில் இருந்தனர். 2007இல் முதலாந் தரத்தில் சேர வேண்டியிருந்த ஒரு பிள்ளை 2020இல் இருபதை எட்டும் வயதில் இருந்தது. ஒரு தலைமுறையின் பள்ளி வாழ்வைப் போர் குலைத்திருக்க, அதன் தம்பி தங்கையரின் பள்ளி வாழ்வைத் தொற்று குலைத்தது. வாகரையைக் களமாகத் தேர்ந்ததன் காரணம் இதுவே.

2. இரட்டைச் சட்டத்தின் தோற்றம்

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அளித்த அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இலங்கைக் கல்வியின் அடித்தளம். அப்போது பெரும் எண்ணிக்கையான பாடசாலைகள் மிஷன்களாலும் இந்து, பௌத்த, இஸ்லாமிய அமைப்புகளாலும் அரச உதவியுடன் நடத்தப்பட்டன. மட்டக்களப்பில் 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கிய மெதடிஸ்த பாடசாலையும், சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அந்த மரபில் வந்தவை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. கட்டணம் அறவிடாமல் தனித்து நிற்க முன்வந்த சில பாடசாலைகள் மட்டும் தனியார் பாடசாலைகளாக எஞ்சின. இவற்றுள் சிலவற்றின் ஆசிரியர்களுக்கு இன்றும் அரசே சம்பளம் வழங்குகிறது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

1977இன் திறந்த பொருளாதாரம் இந்தத் தடைக்குப் பக்கவழி ஒன்றைக் காட்டியது. சர்வதேச பாடசாலைகள் கல்விச் சட்டத்தை அணுகாமல் 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழும், பின்னர் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் பதிவாகின. கேம்பிரிஜ், எடெக்செல் பரீட்சைகளை நோக்கியும், பல இடங்களில் உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஆங்கில மொழியிலும் அவை கற்பித்தன. இவற்றைக் கல்வி அமைச்சு மேற்பார்வை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்தும் முழுமையான ஒழுங்குமுறை உருவாகவில்லை. இதனால் ஏறத்தாழ 40 லட்சம் மாணவரைக் கொண்ட, 10,000க்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் அமைச்சின் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டன. அதே நாட்டின் இன்னொரு தொகுதிப் பிள்ளைகள் கம்பனிப் பணிப்பாளர் சபையின் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டனர்.

3. மூடல்: 2020 மார்ச்

2020 மார்ச் 12ஆம் திகதி, மறுநாள் தொடக்கம் ஏப்ரல் 20 வரை பாடசாலைகளை மூடுவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. முதலாந் தவணை விடுமுறையை முன்கூட்டியே வழங்குவது என்ற முறையில் அந்த ஆணை அமைந்தது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் எல்லா வகைப் பாடசாலைகளின் வாயிலும் ஒன்றுபோல் அடைபட்டது. மினுவாங்கொடைத் தொற்றுக் கொத்தணி வெளிப்பட்ட அவ்வாண்டு ஒக்டோபரிலும் இரண்டாந் தவணை விடுமுறையை முன்தள்ளியே பாடசாலைகள் மூடப்பட்டன.

இங்கே இரண்டு அதிகாரங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொற்றுக்கட்டுப்பாட்டின் சட்ட அடிப்படை 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். அது அரசு, தனியார் என்று பிரிப்பதில்லை. மக்கள் கூடும் எந்த இடத்தையும் தொடவல்லது. தவணை விடுமுறை அமைச்சின் நிர்வாக அதிகாரம். அது அரச பாடசாலைகளிலும் அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலைகளிலுமே நேரடியாகச் செல்லுபடியாகும். தொற்றுக்கால மூடலை விடுமுறையாகப் பதிந்ததன் விளைவு பாரதூரமானது. விடுமுறையில் நேரசூசி இல்லை. மாணவர் வரவும் இல்லை. பாடம் நடக்கிறதா என்று கேட்கும் பொறுப்பும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு இல்லை. கட்டணத்தில் இயங்கும் பாடசாலை அப்படி ஓய முடியாது. தவணைக் கட்டணத்தை நியாயப்படுத்த அது சில நாட்களிலேயே சூம் வகுப்புக்கு மாறியது. தடை ஒன்றாக இருந்தும், ஒரு பக்கம் அது விடுமுறையாகவும் மறுபக்கம் வகுப்பறையின் இடமாற்றமாகவும் நிகழ்ந்தது.

அரச ஆசிரியர் பலர் தம் சொந்தத் தொலைபேசியிலும் சொந்த டேட்டாச் செலவிலும் வாட்ஸ்அப் வழியே செயலட்டைகளை அனுப்பினர். நேத்ரா தொலைக்காட்சியில் ‘குருகுலம்’ கல்வி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. இ-தக்சலாவ இணையத்தளமும் இருந்தது. ஆனால் 2019இல் நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது என்பதைத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் தரவே காட்டியது. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவவில் ஆசிரியரும் மாணவரும் காட்டுவழி நடந்து பாறையேறி இணையச் சமிக்ஞை தேடியது 2021இல் உலகச் செய்தியானது. நாளாந்தக் கூலியிலும் களப்பு மீனிலும் வாழும் குடும்பங்களுக்கு, ஒரேயொரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிடுவதும், அதற்கு டேட்டா வாங்குவதும் அரிசிச் செலவோடு போட்டியிடும் செலவுகள். வாகரை போன்ற ஊர்களில் தொலைக்கல்வியின் எல்லை அங்கேதான் வரையப்பட்டது.

4. திறப்பின் வரிசை

மூடலைவிடத் திறப்பிலேயே வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. 2020 யூன் 29ஆம் திகதி அரச பாடசாலைகள் அதிபர், ஆசிரியர், பணியாளருக்கு மட்டுமே திறந்தன. 5, 11, 13ஆம் தர மாணவர் யூலை 6இல் வர வேண்டும் என்பது ஒழுங்கு. அதே யூன் 29இல், 100 மாணவருக்கு மேற்படாமல் தனியார் வகுப்புகளை நடத்த அனுமதி கிடைத்தது. கட்டணம் கட்டக்கூடிய பிள்ளை வகுப்பில் அமர, இலவசப் பாடசாலையின் பிள்ளை மேலும் ஒரு வாரம் வீட்டில் இருந்தது. கந்தகாடு கொத்தணியால் யூலை 13இல் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டன. ஓகஸ்ட் 10 முதல் ஏனைய தரங்கள் படிப்படியாகத் திரும்பின.

நல்ல விதி ஒன்றும் இவ்வரலாற்றில் இருக்கிறது. 2021 ஏப்ரல் கடைசியில் நாடெங்கும் மூடப்பட்ட பாடசாலைகளை மீளத் திறக்கும்போது, 200க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்கு ஒக்டோபர் 21இல் முதலிடம் தரப்பட்டது. நெரிசலற்ற சிறு பாடசாலையில் ஆபத்துக் குறைவு என்ற தர்க்கம் கிராமங்களுக்குச் சாதகமானது. இந்தத் தர்க்கம் 2020 யூனிலேயே தெரிந்திருக்கக் கூடியதுதான். நாட்டுக்கெல்லாம் ஒரே நாள் குறிக்கும் பழக்கம் அதைத் தாமதப்படுத்தியது. கொழும்பின் நெரிசலை மனத்தில் வைத்துக் குறித்த திகதி, ஒரு வகுப்பில் பதினைந்து பேர் இருக்கும் காட்டோரப் பாடசாலைக்கும் பொருத்தப்பட்டது.

5. 2021: ஆசிரியர் போராட்டம்

2021 யூலை 8இல், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர் கைதாகி, முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் தனிமைப்படுத்தப்பட்டனர். இதைக் கண்டித்து யூலை 12 முதல் அரச ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். 1997 முதல் நீண்டுவந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும் என்பது அவர்களின் முக்கிய கோரிக்கை. மூன்று மாதங்களுக்கு மேல் இவ்விலகல் நீடித்து, ஒக்டோபர் 25இல் அவர்கள் பாடசாலைக்குத் திரும்பினர். 2022 வரவுசெலவுத் திட்டத்தில் இச்சம்பள முரண்பாட்டைத் தீர்க்க 3,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

கோரிக்கை நியாயமானது. சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கிக் கற்பித்தவர்களின் சம்பளத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் தீர்க்காமல் விட்ட அரசுகளே இந்த இழப்புக்குப் பொறுப்பு. இழப்பின் திசையோ அதே பழைய திசை: கட்டணப் பாடசாலைகளின் இணைய வகுப்புகள் தொடர, அரச பாடசாலைப் பிள்ளைகளின் மெல்லிய இணைய இழையும் அறுந்தது.

6. பரீட்சையும் எரிபொருளும்

2020 மே–யூன் பரீட்சைகளைக் கேம்பிரிஜும் எடெக்செலும் இரத்துச் செய்து, பாடசாலை மதிப்பீட்டின்படி பெறுபேறு வழங்கின. அரச பாடசாலை மாணவருக்கோ பரீட்சை தள்ளிப்போனதே தவிர நீங்கவில்லை. 2020ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரம் 2021 மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 மேயிலும் நடந்தன. ஒவ்வொரு தள்ளிவைப்பும் வறிய குடும்பத்தில் மூத்த பிள்ளையைக் கூலிவேலைப் பக்கம் இழுக்கும் விசை. கட்டாயக் கல்வி வயதை 2016இல் 16 வரை உயர்த்திய நாடு, அந்த வயதின் வாசலிலேயே பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தது.

2022 யூன், யூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டபோதும் அறிவிப்புகள் ‘அரச மற்றும் அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலைகள்’ என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றன. போக்குவரத்துச் சிக்கல் இல்லாத கிராமப் பாடசாலைகளை நடத்தலாம் என்ற சலுகை அம்முறை இருந்தது. தொற்று தந்த பாடம் பாதியாவது கற்கப்பட்டதன் அடையாளம் அது.

7. ஒப்பீடு

1918 இன்புளுவென்சாப் பெருந்தொற்றில் அமெரிக்க நகரங்கள் பல பாடசாலைகளை மூடின. நியூயோர்க்கும் சிக்காகோவும் திறந்து வைத்தன. நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைவிட, தாதியரும் மருத்துவரும் நாள்தோறும் பிள்ளைகளைப் பார்வையிடும் பாடசாலையே பாதுகாப்பானது என நியூயோர்க் சுகாதார அதிகாரிகள் கருதினர். அந்த முடிவின் மருத்துவப் பயன் இன்றும் விவாதத்துக்குரியது. பாடசாலையை மூடினால் ஏழைப் பிள்ளை எங்கே போகும் என்று அவர்கள் முதலில் கேட்டது முக்கியம். 2020இல் இலங்கையில் பாடசாலைகளோடு பகலுணவுத் திட்டமும் நின்றபோது அதே கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

8. முடிவுரை

பெருந்தொற்றுக் கால மூடல் தேவையானதே. அதை மறுக்க இக்கட்டுரைக்கு நோக்கமில்லை. 1961இல் பிரிந்து, 1977க்குப் பின் அகன்ற இரு சட்டப் பாதைகளை இணைக்காமல் விட்டதுதான் குறை. இவ்வரலாறு நான்கு திருத்தங்களைக் கோருகிறது. முதலாவது, தொற்றுக்கால மூடல் தவணை விடுமுறையாகப் பதியப்படாமல், எல்லா வகைப் பாடசாலைகளையும் தனியார் வகுப்புகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் சுகாதார ஆணையாக வர வேண்டும். இரண்டாவது, அந்த ஆணையோடு அச்சிட்ட செயலட்டை, உலருணவுப் பொதி, ஆசிரியருக்கான டேட்டாப்படி ஆகியன கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும். மூன்றாவது, திறக்கும் முடிவைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியும் வலயக் கல்விப் பணிப்பாளரும் பாடசாலையின் அளவு பார்த்து எடுக்கும் அதிகாரம் நிலையாக்கப்பட வேண்டும். நான்காவது, சர்வதேச பாடசாலைகள் கல்விச் சட்டத்தின் கீழ் வர வேண்டும்.

சூறாவளி, ஆழிப்பேரலை, போர், தொற்று என நான்கு முறை குலைந்த வாகரைப் பாடசாலைகளுக்கு அடுத்த இடர் எப்போது என்று எவரும் சொல்ல முடியாது. அது வரும் நாளில் அவ்வூர்ப் பிள்ளைகளின் கல்வியை அவர்களின் பெற்றோரின் வருமானம் தீர்மானிக்காமல் தடுப்பது அரசின் கடமை. இலவசக் கல்வி என்ற வாக்குறுதி பாடசாலை திறந்திருக்கும் நாட்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.