வெள்ளவத்தை: அனெக்ஸ், லொட்ஜ், தொடர்மாடி

வெள்ளவத்தையைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று சொல்வதில் எங்கட சனத்துக்கு ஒரு பெருமை இருக்கு. ஆனால் அது எப்படி இவ்வளவு உயரமாக வளர்ந்தது என்று நாங்கள் கேட்பது குறைவு.

1877இல் கரையோர ரயில் பாதை மொறட்டுவை வரை போடப்பட்டது. பிறகு நூற்பு ஆலை வந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வடக்கிலிருந்து வந்த அரச உத்தியோகத்தர்கள் காணி வாங்கினார்கள். முற்றமும் மதிலும் உள்ள வீடுகள் எழும்பின. பக்கத்தில் ஒரு அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விட்டவர்களும் உண்டு.

1983 யூலையில் அந்த வீடுகளில் பல எரிந்தன. உயிர் தப்பியவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தார்கள். பலர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். பின்னர் வெளிநாடு போனவர்கள் ஏராளம்.

போர் இன்னொரு கூட்டத்தைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்த சனத்துக்கு லொட்ஜ் அறையே வீடு. பொலிஸ் பதிவு இல்லாமல் தங்க ஏலாது. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் தொடர்மாடிகளைப் பார்க்கவேணும். மாடியிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழிசெய்திருந்தது. புலம்பெயர்ந்தோரின் காசு வந்தது. காணி விலை ஏறியது. கேற்றில் காவலாளி, அடுத்த கதவில் தெரிந்த சனம் என்ற நிம்மதியும் தேவைப்பட்டது. முற்றம் இருந்த காணிகளில் மாடிகள் எழும்பின.

2009க்குப் பிறகு பயம் குறைந்தது, வாடகை குறையவில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வருசத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கு. அதே ஒழுங்கையில், படிக்கவும் வேலைக்கும் வரும் மட்டக்களப்பு, மலையக, யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஒரு போர்டிங் அறையை நாலு பேராகப் பங்குபோடுகிறார்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களால் வளர்ந்த இடத்தில், இன்று வருபவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

உங்கட வீட்டுப் பெரியாக்களிடம் கேளுங்கோ: வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் இருந்தீங்கள், எவ்வளவு வாடகை, ஏன் விட்டுப் போனீங்கள்? இந்த ஊரின் வீட்டு வரலாறு பெரும்பாலும் இன்னும் எழுதப்படாமல் அவர்களிடம்தான் இருக்கு.