ஏறுவெயில்: காலனி வந்த காடு

சேலம், நாமக்கல் சமவெளியில் மானாவாரி நிலத்துக்குக் 'காடு' என்று பெயர். நிலமுள்ள குடும்பங்கள் பலவும் காட்டிலேயே வீடும் கட்டுத்தரையும் அமைத்து வாழ்ந்தன. அங்கே வேலை செய்த அருந்ததியரின் வளவு தனியே தள்ளியிருந்தது. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைச் சாதி வகுத்திருந்தது.

இந்த அமைப்பின் மேல் அரசின் குடியிருப்புத் திட்டம் வந்து இறங்கியதைச் சொல்லும் நாவல் பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991). 1966இல் திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்த அவருக்கு இது முதல் நாவல். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இல் அமைந்தது. குறைந்த, நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவு என வருமானத்தை வைத்து அது மனையளவை வகுத்தது. நிலத்தை எடுக்க உதவியது 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டம். 'பொதுக் காரியம்' என அரசு அறிவித்தால் போதும். உடையவர் ஆட்சேபிக்கலாம், மறுக்க முடியாது. இழப்பீடு முதல் அறிவிப்பு நாளின் சந்தை மதிப்பில் கணக்கிடப்பட்டது. காலனி வருவதால் பிறகு ஏறும் விலை நிலத்தை இழந்தவருக்கு இல்லை. கட்டுப்பாடு என்றால் காவலரும் தடுப்புச் சுவரும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இங்கே அந்த வேலையை ஒரு வரைபடமும் ஒரு தேதியும் செய்தன.

பாரிசில் 1853 முதல் ஓஸ்மான் பழைய தெருக்களை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். கலகக்காரர்கள் தடுப்பரண் எழுப்ப முடியாமல் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பர். எமிலி சோலா அந்த இடிப்பில் பணம் பண்ணிய நிலத் தரகர்களை நாவலாக்கினார். பெருமாள்முருகன் நின்றது நிலம் போனவர்கள் பக்கம்.

'ஏறுவெயில்' குடும்பம் காட்டை இழந்து சிறிய இடத்துக்குப் பெயர்கிறது. பிறகு நடப்பதுதான் நாவலின் பலம்: பணமும் பொறாமையும் உறவுகளை அரிக்கின்றன, நிலத்தோடு பிணைந்திருந்த மரியாதையும் சரிகிறது. அரசை நோக்கிய முழக்கம் எதுவும் இல்லை. எல்லாம் வளரும் ஒரு பையனின் பார்வையில் வருவதால் திட்டத்தின் கை பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. அதிகாரம் கிராமத்தில் பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், கையகப்படுத்தலுக்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. நாவல் வெளிவந்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.