மேய்ச்சல் நிலமும் திணைத் திரிபும்: புனே மாவட்டச் சான்றுகள்

முன்னுரை

குளிர்நாடுகளில் பனி உருகும் இளவேனிலே புல் தளிர்க்கும் பருவம். தக்காணத்திலோ அப்பருவத்தில் புல் காய்ந்து கருகும். தென்மேற்குப் பருவமழை இறங்கிய பின்னரே மேய்ச்சல் நிலம் பசுமை கொள்ளும். தொல்காப்பியர் முல்லைக்குக் கார்காலத்தையும் பாலைக்கு வேனிலையும் உரியவாக்கியமை இவ்வியற்கையோடு ஒத்தது. முல்லை நில மேய்ச்சல் வாழ்வு முந்தியது, மருத நில உழவு பிந்தியது என்னும் படிமுறை வளர்ச்சிக் கருத்து தமிழாய்வில் பெரிதும் வழங்கி வருகிறது. அக்கருத்து எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா என்பதைப் புனே மாவட்டச் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இனாம்காவ் அகழாய்வு

சிரூர் வட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் உள்ளது இனாம்காவ். இங்குப் புனே தக்காணக் கல்லூரியினர் 1968 முதல் 1983 வரை அகழாய்வு நிகழ்த்தினர். ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை மக்கள் வாழ்ந்த செம்புக் கற்கால ஊர் ஒன்று வெளிப்பட்டது. முற்காலத்தவர் செவ்வக வடிவ வீடுகளில் வாழ்ந்தனர்; வாற்கோதுமையை முதன்மையாகப் பயிரிட்டனர்; ஆனிரையும் வளர்த்தனர். கி.மு. 1000க்குப் பின் வீடுகள் சிறு வட்டக் குடிசைகளாயின. உழவு சுருங்கியது, வேட்டையும் கால்நடை வளர்ப்பும் மேலோங்கின. மழை குறைந்தமையால் உழவர் அரைநாடோடி மேய்ப்பராக மாறினர் என்பது அகழாய்வாளர் எம்.கே. தவளிகரின் முடிபு. இதற்கு மாற்றுக் கருத்துகளும் உண்டு. எனினும் உழவிலிருந்து மேய்ச்சலை நோக்கிய மாற்றம் நிகழக்கூடியதே என்பதற்கு இஃது அரிய சான்றாகும்.

தங்கர் வலசை

சகியாத்திரி முகட்டிலுள்ள லோணாவளாவில் ஆண்டு மழை 4,000 மி.மீ.க்கும் மிகுதி, கிழக்கே பாராமதியில் ஏறத்தாழ 500 மி.மீ. மட்டுமே. இவ்வேறுபாடே தங்கர் என்னும் ஆயர் குடியினரின் வலசைக்கு அடிப்படை. ஆடு மேய்க்கும் தங்கர், மழைக்காலத்தில் கிழக்குப் புன்னிலங்களில் தளிர்க்கும் புல்லை நாடுவர். தீபாவளியை ஒட்டி மேற்கே கொங்கணம் நோக்கிப் பெயர்வர். மழை தொடங்குமுன் மீள்வர். வழியில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்துவர். எருவுக்கு ஈடாக உழவர் தானியம் தருவர். ஈண்டு முல்லையும் மருதமும் முன்பின் படிநிலைகளாக அன்றி, ஒரே காலத்தில் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

முடிவுரை

முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்பார் இளங்கோவடிகள். மழை பொய்ப்பின் மருதமும் முல்லையாகத் திரியலாம் என இனாம்காவ் கொண்டு கருத இடமுண்டு. எனவே திணைகளை ஒருவழிப் படிகளாகக் கொள்வதினும், மழையின் அளவுக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாறவும் ஒன்றோடொன்று இணைந்து வாழவும் வல்ல வாழ்வியல் முறைகளாகக் கொள்வதே பொருந்தும்.