உரப்பைக்குள் நாலு குட்டிகள்



போன கிழமை எங்கள் பாடசாலை மதிலுக்குப் பின்னால் ஒரு உரப்பை கட்டிக் கிடந்தது. உள்ளே நாலு பூனைக்குட்டிகள். யார் போட்டது என்று தேடவில்லை. நம்மில் பலர் எப்போதோ செய்த வேலைதான் அது. அன்று பிள்ளைகளுக்குச் சொன்ன சரித்திரத்தை இங்கும் எழுதுகிறோம்.

இஸ்தான்பூல் துறைமுக நகரம். தானியம் இறங்கும் இடத்தில் எலி சேரும், எலிக்குப் பின்னால் பூனை வரும். உஸ்மானியர் காலத்தில் அங்கே மர வீடுகள்தான் அதிகம், ஆகவே பூனை எல்லோருக்கும் தேவைப்பட்டது. மார்க்கமும் துணை நின்றது. பூனையை அடைத்து வைத்து, சாப்பாடும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் ஹதீஸ் நமக்கும் தெரிந்ததே.

இன்றும் அந்தத் தெருப் பூனைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் எது என்ன குணம் என்று தெருவுக்கே தெரியும். 2016இல் வந்த ‘கெடி’ என்ற ஆவணப்படம் ஏழு பூனைகளைக் காட்டுகிறது. ஒன்று மீன் உணவகத்தில் எலி பிடித்துப் பிழைக்கிறது. ‘டூமான்’ என்பது கடைக்குள் கால் வைக்காது, பசித்தால் கண்ணாடியைக் கையால் தட்டும். ‘சைக்கோ’ என்று பெயர் எடுத்த பெட்டை, தன் கடுவனிடம் வேறு பெட்டையை அண்ட விடாது.

அயா சோபியாவில் வாழ்ந்த ‘க்ளி’ கூட்டத்துக்குப் பயப்படாது. 2009இல் ஒபாமா வந்து தடவியபோதும் அமைதியாக இருந்தது. காடிகோய் பகுதியில் ‘டொம்பிலி’ என்ற குண்டுப் பூனை, படியில் கையூன்றிச் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது 2016இல் செத்தது. அதே வருடம் ஒக்டோபர் 4இல், அது இருந்த இடத்திலேயே அதற்குச் சிலை வைத்தார்கள்.

இதே நகரத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1910இல் அரசு தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மர்மராக் கடலில் உள்ள சிவ்ரியாடா என்ற பாறைத்தீவில் கொண்டுபோய் விட்டது. பசியிலும் தாகத்திலும் அவை செத்தன. மஹல்லாக்காரர்களுக்கு அந்த நாய்களையும் ஒவ்வொன்றாகத் தெரியும். உத்தரவு போட்டவர்களுக்கு அவை வெறும் தொகை.

ஒன்றின் குணத்தை அறிந்து பெயர் வைத்த பிறகு அதை உரப்பைக்குள் போட மனம் வராது. எங்கள் நாலு குட்டிகளிலும் ஒன்று சீறுகிறது, ஒன்று மடியில் ஏறுகிறது, ஒன்று மேசைக்குக் கீழேயே கிடக்கிறது, ஒன்று சாப்பாட்டு மணி அடித்தால் முதலில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் நாலுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்.

இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. சீறுவதும் மேசைக்குக் கீழே கிடப்பதும் மிச்சம். இடம் கொடுக்கக் கூடியவர்கள் சொல்லுங்கள். வீட்டில் பெட்டைப் பூனை வைத்திருப்பவர்கள் கருத்தடை பற்றி மிருக வைத்தியரிடம் ஒரு தடவை கேளுங்கள். அடுத்த உரப்பைக்கு அப்போது தேவையே இருக்காது, இன்ஷா அல்லாஹ்.