எஞ்சினை எடுக்க இரண்டு வழி

மோட்டார் எஞ்சினைக் கழற்றும் சமாசாரத்தில் சரித்திரம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எகிப்திலிருந்து வந்தது என்பதே என் பதில்.

1956-ஆம் வருஷம் ஜூலையில் நாஸர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். சண்டை மூண்டது, கால்வாய் அடைபட்டது, டிசம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. பி.எம்.ஸி. என்ற பெரிய மோட்டார் கம்பெனியின் தலைவர் லியனார்டு லார்டு, தம்மிடம் இருந்த அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணரை அழைத்து, கைவசமுள்ள எஞ்சினை வைத்தே ஒரு சின்னக் கார் செய்யச் சொன்னார்.

காரின் நீளம் பத்தடி. உள்ளே நாலு பேர் உட்கார வேண்டும். பின் எஞ்சினுக்கு ஏது இடம்? இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். கியர் பாக்ஸை அதன் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். ஒண்டுக் குடித்தனம் என்றால் இதுதான்: இரண்டுக்கும் ஒரே எண்ணெய்! வெள்ளோட்டத்தில் சக்கரங்களின் அதிர்ச்சி தாங்காமல் காரின் தகடு விரிசல் கண்டது. ஆகவே எஞ்சினையும் முன் சக்கரங்களையும் சேர்த்துத் தாங்க ஒரு தனி இரும்புச் சட்டம் வைத்தார்கள். மெக்கானிக்குகள் 'சப்ஃபிரேம்' என்பது இதைத்தான். 1959 ஆகஸ்டில் 'மினி' உலகத்துக்கு அறிமுகமாயிற்று.

இந்தியாவில் மினி தயாராகவில்லை. எப்படியோ கடல் தாண்டி வந்த ஒன்றை நான் சேர்வராயன் கோயிலுக்கு முன்னால் பார்த்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு. அங்கிருந்தும் மேலே போனால் மலையுச்சியில் பரந்த வெளி. அதில், குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே அந்த மினியும், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நின்றன. கூட வந்திருந்த வயதான மெக்கானிக் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த எஞ்சினை எப்படித் தூக்குவீர்கள்?" என்று மினியைக் காட்டிக் கேட்டேன்.

"எஞ்சினை எங்கங்க தூக்கறது? காரைத்தான் தூக்கணும்" என்றார்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. பானெட் வழியாகவும் மினியின் எஞ்சினை மேலே எடுக்கலாம். ஆனால் இண்டு இடுக்கில் கை விட வேண்டும். அவருக்குப் பிடித்தது மற்ற வழி. டிக்கியிலுள்ள பேட்டரியைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஒயர்களையும் கேபிள்களையும் பிரேக் குழாய்களையும் சைலன்ஸரையும் ஸ்டியரிங் கைகளையும் விடுவிக்க வேண்டியது. பிறகு சட்டத்தைக் காரோடு பிணைக்கும் போல்ட்டுகள். நாலு பேர் காரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால், சப்ஃபிரேம் தன் சக்கரங்களின் மேலேயே உருண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் டிரைவ் ஷாஃப்டுகளையும் இரண்டு பக்கத்துத் தாங்கிகளையும் அவிழ்த்துச் செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்குவது சுலபம். கிளட்ச்சுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கியரில் ஒரு பல் உடைந்தாலோ அத்தனையும் வேண்டும்!

இஸிகோனிஸ் பெரிய மேதை, சந்தேகமில்லை. ஆனால் உள்ளே உட்காருகிறவருக்கு அவர் மிச்சம் பிடித்துக் கொடுத்த இடம், பட்டறைக்காரனின் முதுகிலிருந்து பிடித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

"இதுக்கு அந்தத் தொல்லை கிடையாதுங்க" என்று மெக்கானிக் ஹெரால்டைத் தட்டிக் கொடுத்தார். அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முன் டயரின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸை உள்ளிருந்தே எடுத்துவிடலாம். எஞ்சினைத் தூக்க ஒரு புளியமரக் கிளையும் செயின் பிளாக்கும் போதும்.

இந்தச் சௌகரியம் யாருடைய கருணையாலும் வந்ததல்ல. 1953-ல் பி.எம்.ஸி., ஃபிஷர் அண்டு லட்லோ என்ற கம்பெனியை விலைக்கு வாங்கிற்று. அதுவரை ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார்க் கூடு அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். போட்டிக்காரன் வீட்டுக்குப் போய்க் கூடு கேட்க முடியுமா? எனவே ஸ்டாண்டர்டுகாரர்கள் பழைய மாதிரியே தனிச் சேஸிஸ் ஒன்றைப் போட்டு, பல இடங்களில் செய்வித்த துண்டுகளைப் போல்ட்டால் அதன்மேல் பூட்டினார்கள். மினிக்கு நாலு மாதம் முன்னதாக, 1959 ஏப்ரலில், டிரயம்ப் ஹெரால்டு வெளியாயிற்று. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. மினியைச் செய்தவர்களே ஹெரால்டு இப்படிப் பிறக்கவும் காரணமாயிருந்தார்கள்!

துண்டு துண்டாகப் பூட்டும் கார் நமக்குத் தோதாகவும் இருந்தது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் அதைச் செய்தார்கள். பிற்பாடு இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. அதன் வாரிசான கெஸல் 1977-ல் நின்றது.

இஸிகோனிஸ் குறுக்கே திருப்பிய எஞ்சினோ உலகத்தையே பிடித்துக்கொண்டது. ஒண்டுக் குடித்தனத்தை மட்டும் பெரும்பாலோர் ஒப்பவில்லை. 1964-ல் இத்தாலியில் டாண்டே ஜியாகோஸா தம் பிரிமுலா காரில் கியர் பாக்ஸை எஞ்சினுக்குப் பக்கத்திலே தனியாக வைத்தார். அந்த ஏற்பாடே நிலைத்தது. 1983 டிசம்பரில் நம் தெருவுக்கு வந்த மாருதி 800-ம் அந்த வகைதான்.

பட்டறைக்கு எந்தக் கார் அதிகம் வருகிறது என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"மாருதிதானுங்க" என்றார், ஹெரால்டின் பானெட்டை மூடிக்கொண்டே.