உளியும் ஊசியும்

உளி யாருக்குச் சொந்தம்? கற்றவனுக்கு என்பது அறிவு தரும் விடை. பிறந்தவனுக்கு என்பது இந்நாட்டை நெடுங்காலம் ஆட்டிப் படைத்த விடை. தச்சன் மகன் கதவு நிலை செதுக்கியே தீரவேண்டும். அவனுக்குக் கணக்கும் கவிதையும் எதற்கு என்றனர். சேரியிலே பிறந்தவன் இழைப்புளி பிடிக்க விரும்பினாலோ, கற்றுத் தருவாரில்லை! இவ்விரு விடைகளின் மோதலே தமிழகத்துத் தொழிற்பயிற்சியின் வரலாறு.

அம்மோதல் முற்றிய ஆண்டு 1953. சென்னை மாநில முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தை நாட்டுப்புறப் பள்ளிகளில் புகுத்தினார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகுதல்! இரு வேளைப் பள்ளியானால் மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று சமாதானம் கூறினர். ஆச்சாரியார் திட்டப்படி ஆசாரி மகன் ஆசாரி! நாடு அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வி'.

அது பயிற்சிதானா? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு வீட்டுக்கு நிலையும் சன்னலும் செய்ய வேண்டுமெனில், அளவெடுக்க வேண்டும்; மரத்தைக் கன அடியில் கணக்கிட வேண்டும்; கழுந்தும் துளையும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவன் பிறர் ஏவலுக்கு மரம் சுமப்பான், மேஸ்திரி ஆகமாட்டான். நல்ல தச்சனுக்குத் தேவையான அந்தக் கணக்கு நேரத்தையே வெட்டியது அத்திட்டம்! உளியைத் தருவதாகச் சொல்லி, உளியை ஆளும் அறிவைப் பறித்தது.

நாடு பொறுக்கவில்லை. 1953 சூலையில் தி.மு.கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்தது. 1954 தொடக்கத்தில் திராவிடர் கழகம் ஈரோட்டில் எதிர்ப்பு மாநாடு கூட்டியது. ஏப்ரலில் ஆச்சாரியார் விலகினார், காமராசர் வந்தார், மே திங்களில் திட்டம் மடிந்தது.

ஈரோட்டுக்கு அண்டை ஊர் திருப்பூர். 1920-களில் அங்கே பனியன் பின்னல் பிறந்தது. அது எந்தக் குலத்தின் தொழில்? எந்தச் சாத்திரத்திலே பனியன் தைக்கும் சாதி எழுதப்பட்டிருக்கிறது? ஏரோட்டியவர் மகன் பின்னல் எந்திரத்தை ஓட்டினான். வெளியூரிலிருந்து வந்தவன் கட்டிங் மாஸ்டர் ஆனான். 1970-களின் இறுதியில் அந்த ஆடை கடல் கடந்தது. ஊசி குலம் கேட்கவில்லை. உளி மட்டும் கேட்குமா?

கேட்காத வழியொன்று உண்டு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுத்தொழில் ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். தகப்பன் தொழில் யாதெனக் கேட்பதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகும் காலத்துக்கும் உதவித்தொகை உண்டு என்றது. ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்த பழைய முறையோடு இதை ஒப்பிடுங்கள்!

எனினும் பழைய விடை சாகவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுத் தொழில்களில் தச்சும் ஒன்று. பயிற்சி உண்டு, கருவிகளுக்கு 15,000 ரூபாயும் உண்டு. ஆனால் குடும்ப வழித் தொழில் என்னும் நிபந்தனையும் உடன் வந்தது. தொடக்க வயதோ பதினெட்டு, கல்லூரி வாயிலில் கால் வைக்கும் வயது! நிபந்தனையை நீக்குக, வயதை முப்பத்தைந்தாக்குக எனத் தமிழக அரசு கேட்டது. 2024 நவம்பரில் அத்திட்டத்தை இந்த வடிவில் ஏற்க மறுத்தது. 2025-இல் குலவழி கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது.

தச்சுத்தொழில் தாழ்ந்ததன்று, அதைப் பிறப்பால் பூட்டுவதே தாழ்வு. ஆசாரி மகள் மருத்துவராகட்டும். உழவர் மகன் உளி ஏந்தட்டும். உங்கள் ஊரில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைக் கண்டால், முதலில் மீண்டும் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு அவன் எந்தத் தொழிலை விரும்புகிறான் என்று கேளுங்கள். கதவு செய்யக் கற்பவனுக்கு, எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும்!